ஆடி மாதத்தில் வீடு மாறிய வீட்டுக்காரி

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம் என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அது பாதிச் செய்திதான். மீதிச் செய்தி, நாங்கள் இரண்டு பேரும் வீடு மாறிவிட்டோம். பயப்படாதே, அறந்தாங்கியை விட்டு எங்கும் போய்விடவில்லை. நீ பிளஸ் டூ படிக்கும்போது உனக்காகக் கட்டிய மொட்டைமாடி அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழே நம் வீடு முழுவதும் இனி உனக்கும் கௌசல்யாவுக்கும். முன்பக்கப் போர்ஷனில் செல்வி குடும்பம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவர்களைக் காலி செய்யச் சொல்லி, அங்கே ஏசி மாட்டி, கல்யாணம் முடிந்து விசா வருகிறவரை கௌசல்யா தனியாக இருக்க ஏற்பாடு செய்யச் சொன்னாய் அல்லவா, அதை நான் செய்யவில்லை. போனில் சொன்னால் முதல் வரியிலேயே நீ "அம்மா!" என்று கத்துவாய், பதிலுக்கு நானும் கத்துவேன், நடுவில் நெட் போய்விடும். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கத்து.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் பேஸ்பாலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சிரிக்காதே. நான் எப்படி இந்த ஆட்டத்துக்குள் விழுந்தேன் என்று உனக்கே முழுதாகத் தெரியாது. நீ அமெரிக்கா போன புதிதில் போன் செய்தாலே "மேட்ச்சுக்குப் போறேம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். என் பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிற அந்த மேட்ச் எதுவென்று பார்க்கத்தான் போனில் போட்டேன். உன் ஊரில் ராத்திரி விளக்கு போட்டு ஆடுவது நமக்கு விடிகாலையில் வருகிறது. பால் அடுப்பில், போன் சர்க்கரை டப்பாமேல் சாய்ந்தபடி. முதலில் நான் ஆட்டத்தையே பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்தேன். காமிரா கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் உன் முகம் இருக்கிறதா என்று தேடுவேன். ஒரு நாள் கன்னத்தில் எதையோ அப்பிக்கொண்டு சாப்பிட்ட ஒரு பையனைப் பார்த்து, "என்னங்க, நம்ம கதிரு!" என்று நான் போட்ட சத்தத்தில் உன் அப்பா ஷேவ் பண்ணிக்கொண்டிருந்த முகத்தோடு ஓடி வந்தார். அது நீ இல்லை. ஆனால் கூட்டத்துக்கு நடுவே ஆட்டமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததா, மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது. புரிந்த பிறகு விட முடியவில்லை. இப்போது பால் பொங்கி வழிந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று உன் அப்பா ஊரெல்லாம் புகார் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உன் ஊர் அணியின் மேனேஜர்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் என்று நேரில்தான் சொல்ல வேண்டும். சூயிங்கம்மை மென்றுகொண்டு, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஆட்டத்தைப் பார்க்காமல் தாளையே பார்க்கிற மனிதர் அவர். நான் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்திருக்கும் அந்த நெட்டை இடது கைக்காரர் அருமையாக எறிந்துகொண்டிருப்பார், எதிராளி தடுமாறிக்கொண்டிருப்பான், இந்த மனிதர் உள்ளே நடந்து போய்ப் பந்தைப் பிடுங்கிக்கொள்வார். மட்டை பிடிப்பவர்கள் மூன்றாவது சுற்று வந்துவிட்டால் எறிபவரை மாற்றிவிட வேண்டும் என்று தாளில் இருக்கிறதாம். எறிபவரின் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? நம் கிரிக்கெட்டாக இருந்தால் ஒரு ஓவரோடு நிறுத்தினாலும் பிறகு வேறு பக்கத்திலிருந்து கூப்பிடலாம். இதில் வெளியே போனவர் போனவர்தான், அன்றைக்கு முழுவதும் திரும்பி வர முடியாது. அந்த ஒரு விதிதான் என்னை இந்த ஆட்டத்தோடு கட்டிப்போட்டது. ஒருவரை எடுப்பதற்கு முன்னால் அவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிற இடத்தில், யோசிக்காமல் எடுக்கிறாரே என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது.

உனக்கு எரிச்சலாக இருந்தாலும் சொல்கிறேன், வீடு வாடகைக்கு விடுவதும் ஒரு அணியை நடத்துவதுதான். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று நாம் வைத்திருப்பது மூன்றே போர்ஷன். ஆனால் யார் பக்கத்தில் யாரை வைப்பது என்பதில் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? விடியற்காலையில் எழுந்து மோட்டார் போடச் சொல்கிறவரையும் ராத்திரி டியூட்டி முடிந்து வந்து தூங்குகிறவரையும் அடுத்தடுத்து வைத்தால் தினமும் பஞ்சாயத்துதான். குழாய் ஒழுகினால் அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிட்டுவிட வேண்டும், நாளைக்கு என்று சொன்னால் குடியிருப்பவர்களுக்கு நம்மேல் இருக்கிற மரியாதையும் சேர்ந்தே ஒழுகும். கூப்பிட்டால் வருகிற ஒரு பிளம்பரையும் ஒரு எலக்ட்ரீசியனையும் கையில் வைத்துக்கொள்ளாதவன் வீட்டை வாடகைக்கு விடவே கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்கிற வீட்டுக்காரர்களை எனக்குப் பிடிக்காது. ஒரு காலண்டர், ஒரு சாமி படம், பிள்ளையின் போட்டோ, இதெல்லாம் மாட்டாமல் ஒரு குடும்பம் எப்படி இருக்கும்? யார் வந்தார்கள், என்ன சமைத்தீர்கள், ஏன் லைட் எரிந்தது என்று கேட்கவே கூடாது. எனக்கு நாக்கு நுனிவரை கேள்வி வரும், அப்படியே விழுங்கிவிடுவேன். நாளைக்கு இந்த வீடெல்லாம் உன் கைக்கு வரும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

இவ்வளவு பேசுகிற நான்தான் ஆனி மாதம் நீ போன் செய்து, "வாடகைக்கு இருக்கவங்கதானேம்மா, இன்னொரு வீடு பாத்துக்குவாங்க" என்று சொன்னதும் சரி என்று தலையாட்டினேன். உன் கல்யாணம் என்ற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியாரும் மருமகளும் முதல் நாளிலிருந்தே ஒரே அடுப்படியில் இடித்துக்கொள்ள வேண்டாம் என்று நீ நினைத்ததும் நல்லதுக்குத்தான். அன்று சாயங்காலமே செல்வியிடம் போய், ஆவணிக் கல்யாணத்துக்கு முன்னால் போர்ஷன் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். செல்வியை உனக்கு அவ்வளவாகத் தெரியாது. இங்கே ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. மகள் தர்ஷினி ஐந்தாவது படிக்கிறாள். கணவர் ரமேஷ் குவைத்தில் இருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் முகம் கோணவில்லை. "சரிங்கம்மா. அவுக லீவுல வாராக, வந்ததும் பாத்துட்டு மாறிடுறோம்" என்றாள். எவ்வளவு நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் வருகிறவரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நம் ஊரில் பாதி வீட்டு ஆம்பிளைகள் வெளிநாட்டில்தான். ஆனாலும் வீடு கேட்டு ஒரு பெண் தனியாகப் போனால், "உங்க வீட்டுக்காரரு எங்க இருக்காரு?" என்பதுதான் முதல் கேள்வி. வெளிநாடு என்று சொன்னதும், "யோசிச்சுச் சொல்றோம்மா" என்று கதவைச் சாத்துவார்கள். கணவர் நேரில் வந்து நின்று, தன் முகத்தைக் காட்டி, நான் இருக்கிறேன் என்று உறுதி சொன்னால்தான் சாவி கிடைக்கும். அதற்குள் ஆடி பிறந்துவிட்டால் அதுவும் இல்லை. ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், யாரும் குடியும் வைக்க மாட்டார்கள். ரமேஷ் வந்து இறங்கியதே ஆடி முதல் வாரத்தில்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற லீவு. ஆடி முழுக்க வீடு பார்த்து அலைய வேண்டும், ஆவணி பிறந்ததும் அவசர அவசரமாகச் சாமான் தூக்க வேண்டும், அடுத்த சில நாளில் பிளேன் ஏற வேண்டும். அந்த மனிதரின் லீவு மொத்தத்தையும் நான் ஒரே வார்த்தையில் வாங்கிக்கொண்டேன், எனக்கு அது தெரியவே இல்லை.

அப்புறம் அந்தக் காலை வந்தது. போனைத் திறந்தால் என் ஒட்டடைக்குச்சியை உன் ஊர் அணி வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டது என்று செய்தி. பதிலுக்கு இரண்டு சின்னப் பையன்களை வாங்கிக்கொண்டார்களாம். இத்தனை வருஷமாக அந்தச் சட்டையில் ஆடியவர். அவருக்குக் கைக்குழந்தை இருப்பதைக்கூட டிவியில் காட்டினார்கள். நீ அன்றைக்குப் போனில், "அது பிசினஸ்மா, டீமைப் புதுசாக் கட்டுறாங்க" என்று விளக்கம் கொடுத்தாயே, எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? அதுவும் எந்த மாதத்தில்? வருஷா வருஷம் ஆள் மாற்றிக்கொள்வதற்கு அவர்களுக்குக் கிடைத்தது நம் ஆடி மாதம்தானா! ஆடியில் ஒரு குடும்பத்தைப் பெட்டி கட்ட வைக்கிற ஊர் உருப்படுமா என்று திட்டிக்கொண்டே வாசல் தெளிக்கப் போனேன். உன் அப்பா, "மெதுவாப் பேசு, உன் மேனேஜருக்குக் கேட்டுறப் போவுது" என்று கேலி செய்தார். கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

முன்பக்கப் போர்ஷன் கதவு திறந்திருந்தது. ஹால் நடுவில் ரமேஷ் குவைத்திலிருந்து கொண்டு வந்த பெட்டி. நீளமான அட்டைப்பெட்டி, நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே மார்க்கர் பேனாவால் பெரிதாகப் பெயர். பிரிக்கவே இல்லை. அவர் வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. நம் பக்கத்தில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பெட்டியைப் பிரித்துவிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். தர்ஷினி அதன் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்கு ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் செல்வி, இன்னும் பிரிக்கலையா?" என்று கேட்டேன். "எப்படியும் மாறணும்லங்கம்மா, பிரிச்சுட்டா மறுபடி கட்டணும். புது வீட்டுல போய்ப் பிரிச்சுக்கலாம்னு அவுக சொல்லிட்டாக" என்றாள், சாதாரணமாக. ரமேஷ் பைக்கை எடுத்துக்கொண்டு, வீடு காலியாக இருப்பதாக யாரோ சொன்ன இடத்துக்கு அத்தனை காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார். தர்ஷினி என்னைப் பார்த்து, "அதுக்குள்ள எனக்கு ஒண்ணு இருக்கு, என்னன்னு அப்பா சொல்ல மாட்டேங்குறாக" என்றாள். என் கையிலிருந்த வாளித் தண்ணீர் பாதி என் காலிலேயே கொட்டிவிட்டது.

அங்கே நிற்க முடியாமல் உள்ளே வந்து உட்கார்ந்தேன். உன் அப்பா சவுதியில் இருந்தபோது நாம் ஆலங்குடியில் வாடகைக்கு இருந்தது உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு ஆறு வயது. அவர் லீவில் வந்த நேரம் பார்த்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். உன்னையும் இழுத்துக்கொண்டு மூன்று பேரும் தெருத்தெருவாகப் போனோம். ஒரு வீட்டில் அந்த அம்மாள் உன் அப்பாவை மேலும் கீழும் பார்த்து, "இவருதானா? இவரு எத்தனை நாளைக்கு இருப்பாரு?" என்று கேட்டது இன்றும் எனக்குக் காதில் இருக்கிறது. அந்த லீவில் நாங்கள் ஒரு சினிமாவுக்குப் போகவில்லை, ஒரு கோயிலுக்குப் போகவில்லை. நடந்து களைத்துப் போய்ப் பேருந்து நிலையத்தில் நீ பரோட்டா சாப்பிட்டதுதான் அந்த லீவின் ஒரே கொண்டாட்டம். எங்களைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரை அப்போது நான் எவ்வளவு சபித்தேன்! அவரும் பாவம், தன் பிள்ளைக்காகத்தான் கேட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் கேட்டதற்குப் பிறகு எங்களுக்கு என்ன ஆனது என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. நானும் செல்வி வீட்டில் அன்றைக்குத்தான் எட்டிப் பார்த்தேன்.

உன் அப்பாவிடம் சொன்னேன், "என்னங்க, செல்வி இருக்கட்டும். நம்ம வீட்டைப் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டு நாம மாடிக்குப் போயிருவோம்." அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உனக்குப் புத்தி கித்தி பிசகிருச்சா? ஆடியில எவனாச்சும் வீடு மாறுவானா? இவ்வளவு நேரம் வெள்ளைக்காரனை அதுக்குத்தானே திட்டுன?" என்றார். அப்போதுதான் கதிர், எனக்கு அது பளிச்சென்று தோன்றியது! பேஸ்பாலில் வெளியே போனவர் திரும்ப முடியாது என்பது உண்மைதான், ஆனால் உள்ளேயே இருந்துகொண்டு இடம் மாறிக்கொள்ளலாம். இடது பக்கம் நின்றவர் வலது பக்கம் போகலாம், முன்னால் நின்றவர் பின்னால் போகலாம், யாரும் ஆட்டத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. "இது வீடு மாறுறது இல்லங்க, ஒரே வீட்டுக்குள்ள இடம் மாறுறது. பால் காய்ச்ச வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு, "மாடியில டிவிக்கு ஒயர் இருக்கா?" என்று கேட்டார். சம்மதம் என்றால் அவர் அப்படித்தான் கேட்பார், உனக்குத் தெரியுமே. முழங்காலைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். படிக்கட்டில் இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டாயிற்று. ஏறி இறங்குவதில் அவருக்குத் தொப்பை குறைந்தால் எனக்குச் சந்தோஷம்.

சாயங்காலம் ரமேஷ் வந்ததும் நேரே போனேன். மனிதர் வெயிலில் அலைந்து கருத்துப்போயிருந்தார். "எங்கிட்டும் கிடைக்கலைங்கம்மா, ஆவணியில பாக்கலாம்னு சொல்றாக. எப்படியும் சொன்ன தேதிக்குள்ள விட்டுருவோம்" என்று ஆரம்பித்தார். நான் பேச விடவில்லை. "தம்பி, வீடும் பாக்க வேணாம், ஒண்ணும் பாக்க வேணாம். நீங்க இங்கனதான் இருக்கீங்க. நான் சொன்னது தப்பு. மொதல்ல அந்தப் பெட்டியைப் பிரிங்க" என்றேன். அவர் நின்றபடியே செல்வியைப் பார்த்தார். செல்விக்கு முதல் தடவையாக அன்றைக்குத்தான் கண் கலங்கியது. தர்ஷினி சமையலறைக்கு ஓடிக் கத்தியோடு வந்தாள். என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். போர்வை, பால் பவுடர், பேரீச்சம்பழம், தலைவலித் தைலம், சென்ட் பாட்டில், எல்லாவற்றுக்கும் அடியில் தர்ஷினிக்கு ஒரு ஜோடி ஸ்கேட்டிங் ஷூ. ராத்திரி முழுக்க ஹாலில் விழுந்து எழுந்து கொண்டிருந்தாள், நம் வீட்டுச் சுவர் அதிர்ந்தது. டைல்ஸ் கீறுமே என்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். எனக்கும் ஒரு தைல பாட்டில் கொடுத்தார்கள், உன் அப்பா அதற்குள் பாதியைத் தேய்த்துத் தீர்த்துவிட்டார்.

மருமகள் கௌசல்யாவிடம் முதலிலேயே போன் செய்து கேட்டுவிட்டேன், உன்னைக் கேட்காமல். நீ ஒருவேளை இதற்குத்தான் அதிகம் கோபப்படுவாய். "அத்தை, நீங்க மாடிக்குப் போறீங்கன்னா அடுப்படி யாருக்கு?" என்று கேட்டாள். கெட்டிக்காரி! "உனக்குத்தான்மா, நான் மேல ஒரு சின்ன அடுப்பு வச்சுக்குறேன். உனக்கு அலுப்பா இருந்தா மேல வந்து சாப்பிடு, எனக்கு அலுப்பா இருந்தா கீழ வாரேன்" என்றேன். சிரித்தாள். பேஸ்பால் பார்ப்பாளா என்று கேட்டேன், பார்த்ததே இல்லை என்றாள். கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. கல்யாணத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான் கதிர். அவளுக்கு எது நல்லது என்று நீயே தாளில் எழுதி வைத்துக்கொண்டு முடிவெடுக்காதே. முகத்தைப் பார், வாய்விட்டுக் கேள். தனி வீடு வேண்டும் என்று நீ முடிவு செய்தபோது அவளைக் கேட்கவே இல்லையாம். எனக்கும் உனக்கும் அந்த விஷயத்தில் சூயிங்கம் மேனேஜர் புத்திதான்.

வாழைமரத்துக்கும் பந்தலுக்கும் சொல்லியாயிற்று. கீழே உங்கள் அறைக்குப் புதுப் பெயின்ட், நீ கேட்ட ஏசியும் அங்கேதான் மாட்டியிருக்கிறது. காலையில் எழுந்து மொட்டைமாடியில் நின்று ஆட்டம் பார்க்கும்போது காற்று என்னமாக வருகிறது தெரியுமா! இதை விட்டுவிட்டு இத்தனை வருஷம் கீழே புழுங்கிக்கொண்டிருந்தோமே என்று இருக்கிறது. ரமேஷ் இப்போது தினமும் மகளைப் பள்ளியில் விடுகிறார், சாயங்காலம் கூட்டி வருகிறார். நேற்று மூன்று பேரும் கோட்டைப்பட்டினம் போய்க் கடல் பார்த்துவிட்டு, எனக்கு மீன் வாங்கி வந்தார்கள்.

உன் கல்யாணத்துக்கு அவர் இருக்க மாட்டார். லீவு முடிகிறது. நீ திருச்சியில் வந்து இறங்குகிற அதே காலையில்தான் அவருக்கும் பிளேன். உன்னைக் கூட்டி வர ஏற்பாடு செய்திருக்கும் காரிலேயே அவரை ஏற்றி அனுப்புகிறேன், செல்வியும் தர்ஷினியும் கூட வருவார்கள். நீ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது அவர்கள் மூன்று பேரும் அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். நீ தூக்கக் கலக்கத்தில் இருப்பாய், சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருக்கும். ஆனாலும் அவர் உள்ளே போகிறவரை நில். கையைப் பிடித்து, "வீட்டைப் பத்தி கவலைப்படாமப் போயிட்டு வாங்க, அடுத்த லீவுக்கும் நம்ம வீட்டுக்குத்தான் வரணும்" என்று நீ சொல். அதை வீட்டுக்காரர் வாயால் கேட்டுவிட்டுத்தான் அவர் அந்தக் கதவுக்குள் போக வேண்டும். உன் அப்பாவுக்கு அதைச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.

உன் வரவுக்காக மாடிப்படியில் நிற்கும்,
அம்மா